அடித்தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்

வணக்கம் நேயர்களே. வால்வு போட்ட பழைய ப்ரீ-ஆம்ப் ஒன்றை இணையத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கலாமா என்று யோசிப்பவர்களோடு கொஞ்ச நேரம் பேச வந்திருக்கிறேன். ப்ரீ-ஆம்ப் என்பது ரெக்கார்டு ப்ளேயர் மாதிரிக் கருவிகளின் ஒலியை வாங்கிச் சரிசெய்து, ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்புக்கு அனுப்பும் பெட்டி. வால்வு என்பது ட்ரான்சிஸ்டர் வருவதற்கு முன் ஒலியைப் பெருக்கப் போட்ட, காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்.

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது முகப்புப் படம்தான். துடைத்துப் பளபளக்கும் தகடு, வரிசையாகக் குமிழ்கள், இருட்டில் செந்நிறமாக எரியும் வால்வுகள். விற்பவரிடம் நல்ல துணியும் நல்ல கேமராவும் இருக்கின்றன என்பதற்கு மேல் அந்தப் படம் எதையும் சொல்வதில்லை. நான் கேட்பது வேறு படம். அடித்தட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே வயரிங் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுத்தது. அதை அனுப்பத் தயங்குகிறவரிடம் நான் பேரமே பேசுவதில்லை.

வாங்குகிறவர்கள் எல்லோரும் வால்வைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். உண்மையில் அதுதான் சுலபம். மாரண்ட்ஸ் 7, மெக்கின்டாஷ் சி22, டைனகோ பாஸ்-3 என்று பெயர்பெற்ற பல பெட்டிகளில் இருப்பது 12ஏஎக்ஸ்7 வால்வு. ஐரோப்பாவில் அதற்கு இசிசி83 என்று பெயர். இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. கண்ணாடியின் உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு பால்வெள்ளையாகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். ஆகியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு செத்துப்போய்விட்டது.

தொல்லை தருவது கெபாசிட்டர். ஒரு வால்வில் நிற்கும் உயர் டிசி (ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம்) மின்னழுத்தத்தைத் தடுத்துவிட்டு, இசையை மட்டும் அடுத்த வால்வுக்கு அனுப்புவது அதன் வேலை. 1950, 60களில் போட்ட பேப்பர் கெபாசிட்டர்கள் வயதானால் கசியத் தொடங்கும். கசிந்த டிசி அடுத்த வால்வின் கிரிட்டில், அதாவது இசை உள்ளே நுழையும் முனையில், போய் உட்கார்ந்தால் ஒலி சிதையும். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரக்கும். அழுக்கு சேர்ந்திருக்கிறது, க்ளீனர் அடித்தால் சரியாகிவிடும் என்பார் விற்பவர். சில நேரம் அது உண்மைதான். பவர் சப்ளையில் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் என்ற இன்னொரு வகைக் கெபாசிட்டர் காய்ந்துபோயிருந்தால் விடாமல் ஒரு ரீங்காரம் கேட்கும். டைனகோ பாஸ் மாதிரி சிலவற்றில் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்ற, தகடு தகடாக அடுக்கிய செலினியம் ரெக்டிஃபயர் உண்டு. அது எரிந்தால் வரும் நாற்றத்தைத் தாங்க முடியாது, அந்தப் புகை நச்சும்கூட. வாங்கியதும் முதல் வேலையாக அதைச் சிலிக்கான் டயோடுக்கு மாற்றி, மின்னழுத்தம் கூடாதபடி ஒரு ரெசிஸ்டரும் போடச் சொல்லுங்கள்.

இங்கே என் கருத்து ஒன்று, எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ‘முழுவதும் சர்வீஸ் செய்தது’ என்று அரைகுறையாகக் கைவைத்த பெட்டியைவிட, தூசி படிந்து யாரும் தொடாமல் கிடக்கும் பெட்டி மேல். தூசியைத் துடைத்துவிடலாம், ஒருவர் கண்டபடி ஈயம் வைத்து, பழைய பாகங்களையும் தூக்கிப் போட்டுவிட்டால், எது எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கவே தனி உழைப்பு வேண்டும்.

கேட்க வேண்டியவை இன்னும் சில. க்வாட் 22-க்குச் சொந்தமாகப் பவர் சப்ளை கிடையாது, அதன் ஜோடியான பவர் ஆம்பிலிருந்துதான் கரண்ட் எடுக்கும். தனியாக வாங்கினால் சும்மா அலமாரியில்தான் இருக்கும். அமெரிக்காவில் விற்ற பெட்டிகள் பெரும்பாலும் 117 வோல்ட்டுக்குச் செய்தவை, 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். மாரண்ட்ஸ் 7, சி22 இரண்டும் 1990களில் மறுபதிப்பாகவும் வந்தன, அதனால் அசலா மறுபதிப்பா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், டைனகோ பாஸ் போன்றவற்றை உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) குறைந்த ட்ரான்சிஸ்டர் ஆம்போடு இணைத்தால் பேஸ், அதாவது அடித்தொனி, மெலிந்துவிடும்.

வால்வுகளைக் கழற்றித் தனித்தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள், எது எந்த சாக்கெட்டில் இருந்தது என்று எழுதியும் வைக்கச் சொல்லுங்கள். பெட்டி வந்ததும் ஆசையில் ப்ளக்கை நேராகச் செருகிவிடாதீர்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில், அதாவது கரண்ட் பல்பு வழியாகவே பெட்டிக்குப் போகிற மாதிரி, போட்டு ஆன் செய்யுங்கள். எல்.இ.டி. உதவாது. பல்பு ஒரு நொடி எரிந்து மங்கினால் சரி. மங்காமல் பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். உடனே ப்ளக்கை உருவிவிடுங்கள். உருவிய பிறகும் கெபாசிட்டரில் சில நூறு வோல்ட் நிற்கலாம், அதனால் உள்ளே கைவைப்பதை வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். நன்றி, வணக்கம்.