ஸ்கார்ன்ஃபுலி: ஏளனத்தில் அடங்காத ஒரு சொல்

வணக்கம். ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்கும்போது நான் அடிக்கடி முட்டிக்கொள்ளும் ஒரு வினையடை உண்டு: ஸ்கார்ன்ஃபுலி. அகராதியைத் திறந்தால் 'ஏளனமாக', 'இகழ்ச்சியாக' என்று இருக்கும். தவறில்லை. ஆனால் ஏளனம் என்றதும் நமக்குச் சிரிப்பும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஸ்கார்னுக்குச் சிரிப்பு கட்டாயமில்லை. 'நீயெல்லாம் ஒரு ஆளா' என்ற நினைப்பும் கொஞ்சம் சூடும் இருந்தால் போதும்.

சிரிப்பு தூக்கலாக இருந்தால் டிரைசிவ்லி என்ற இன்னொரு ஆங்கில வினையடை பொருந்தும். அதன் வேரான லத்தீன் வினைக்குச் சிரித்தல் என்றே பொருள். நகை எதிலெல்லாம் பிறக்கும் என்று சொல்லும் தொல்காப்பியமும் எள்ளலைத்தான் முதலில் வைக்கிறது. டிஸ்டெயின்ஃபுலி வேறு ரகம். கண்ணியத்தைக் குறிக்கும் டிக்னிட்டிக்கும் அதற்கும் வேர் ஒன்றுதான், தகுதியைக் குறிப்பது. 'இதெல்லாம் என் தகுதிக்குக் கீழே' என்று சத்தமில்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது. கோபம்கூட வராது. கோபப்படவும் எதிராளிக்கு ஒரு மதிப்பு வேண்டுமே!

சரி, பலரும் வழுக்கி விழும் இடத்துக்கு வருகிறேன். நானும் விழுந்திருக்கிறேன். கன்டெம்ப்சுவஸ்லி என்றால் செய்பவர் அடுத்தவரை மட்டமாக நினைக்கிறார். கன்டெம்ப்டிப்லி என்றால் செய்பவரின் நடத்தையே மட்டமானது. அம்பு எந்தப் பக்கம் பாய்கிறது என்பதுதான் வித்தியாசம். நம் 'கேவலமாக' இரண்டு பக்கமும் பாயும். 'என்னைக் கேவலமாகப் பார்த்தான்' என்றால் மட்டமாகத் தெரிந்தது நான். 'கேவலமாக நடந்துகொண்டான்' என்றால் மட்டமானவன் அவன். 'கேவலமாகப் பேசினான்' என்று மட்டும் எழுதினால் யார் மட்டம்? முன்பின் வாக்கியங்களைப் பார்த்தால்தான் தெரியும். தமிழில் பேசும்போது இது தொந்தரவே இல்லை. அதே பழக்கத்தோடு ஆங்கிலம் எழுதும்போதுதான், இகழ்ந்தவரும் இகழத்தக்கவரும் இடம் மாறிவிடுகிறார்கள்.

ஆங்கில வாக்கியத்தில் ஸ்கார்ன்ஃபுலியை வைக்கும் இடம் எளிது. சிரித்தாள், பார்த்தாள் போன்ற வினைகளுக்குப் பின்னால் வரும். செயப்படுபொருள் இருந்தால், வினைக்கும் அதற்கும் நடுவே நுழைக்காமல் இருப்பது நல்லது.

அப்புறம், இதைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? இப்போதெல்லாம் நான் 'ஏளனமாக'வைத் தேடிப் போவதில்லை. 'இளக்காரமாக' சில இடங்களில் நன்றாக உட்காரும். சில இடங்களில் 'உதட்டைப் பிதுக்கினாள்' போதும். உரையாடல் என்றால் இன்னும் வசதி. "அவன் நமக்கு உதவுவானா?" என்று அவள் ஏளனமாகக் கேட்டதாக முன்பு எழுதியிருப்பேன். இப்போது இப்படி எழுதுகிறேன்: "ஆமா, அவன் வந்து கிழிக்கப்போறான்" என்றாள். அந்த 'என்றாள்' முன்னால் எந்த வினையடையும் கிடையாது.