இதயம் நின்றது என்று எழுதினால் போதுமா?

வணக்கம் மக்களே. காற்றுச் சத்தம் கொஞ்சம் கூட இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு குரூட்வில் வந்திருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து வடக்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், ஸ்டாங்கர் பக்கம். போர்டில் குவாடுகுசா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வீட்டில் இன்னும் ஸ்டாங்கர்தான். சுற்றிலும் கரும்பு. எங்கள் ஆயா இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கரும்பு வெட்டினவர்.

ஏன் இங்கே வந்தேன் என்பதை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஸ்ரீதேவி.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ வந்துவிடும். ‘ஸ்ரீதேவி மரணத்தில் மறைக்கப்பட்ட உண்மை’ என்று பின்னணியில் ஒரு பயங்கர இசையோடு. எங்கள் பெரியம்மா அதைப் பார்த்து இன்னும் அழுகிறார். டர்பனில் நம்ம ஆட்கள் நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்தில் வாழ்கிற அவருக்கு அது கூடப்பிறந்த தங்கை சாவு மாதிரி. ஆனால் நடந்தது என்ன? 2018 பிப்ரவரி 24, துபாய் ஹோட்டல். மறுநாள் காலையில் உலகத்துக்குப் போன செய்தி, இதயம் நின்றுவிட்டது. இரண்டே நாளில் துபாய் தடயவியல் அறிக்கை வந்தது: நினைவு தப்பி, குளியல் தொட்டித் தண்ணீரில் மூழ்கியதால் மரணம், விபத்து. அரசு வழக்கறிஞர் அலுவலகம் 27ஆம் தேதி வழக்கை முடித்துவிட்டது.

முதலில் ஒன்று, பிறகு வேறு ஒன்று, ஆகவே பொய் என்கிறார்கள். இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ‘இதயம் நின்றது’ என்பது காரணமே இல்லை. சாகிற எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். ஏன் நின்றது என்பதுதான் கேள்வி. முதல் நாள் சொல்வது வீட்டாருடைய வார்த்தை, இல்லையென்றால் பக்கத்தில் நின்றவருடைய வார்த்தை. உடம்பைத் திறந்து பார்த்தவர் பேசுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும்.

நம்ம நாட்டிலேயே பாடகி பிரெண்டா ஃபாஸி. 2004 ஏப்ரலில் வீட்டில் சுருண்டு விழுந்தார். ஆஸ்துமா வந்து இதயம் நின்றது என்றுதான் பத்திரிகைகளுக்குச் சொன்னார்கள். மண்டேலா ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். மே 9 அன்று பிரெண்டா இறந்துவிட்டார், 39 வயது. போஸ்ட்மார்ட்டம் சொன்னது வேறு: விழுந்த அன்று இரவு கொக்கெய்ன் அளவுக்கு மீறி உள்ளே போயிருந்தது, மூச்சு நின்று, ஆக்ஸிஜன் இல்லாமல் மூளை கெட்டுவிட்டது. முதலில் சொன்னவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்த வீடும் அப்படித்தான் சொல்லும். ஆனால் அந்த ஒரு வரி தெரிந்ததால்தான் இந்த நாட்டில் போதையைப் பற்றி வாய்விட்டுப் பேச முடிந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, எங்கள் வீட்டுக் கதை. சில வருஷம் முன்னால் எங்கள் மாமா குளியலறையில் இறந்து கிடந்தார். 51 வயது, எந்த வியாதியும் இல்லை. குடும்ப டாக்டர் இயற்கை மரணம் என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். போலீஸ் வந்து, உடல் அரசுப் பிணவறைக்குப் போனது. இந்த நாட்டில் காரணம் தெரியாத திடீர்ச் சாவு என்றால் வீட்டார் சம்மதம் கேட்க மாட்டார்கள், சட்டம் அப்படி. அறுக்கக் கூடாது, அன்றைக்கே கிளேர் எஸ்டேட் சுடுகாட்டில் எரித்துவிட வேண்டும் என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். நானும் பிணவறை ஜன்னலில் நின்று கத்தினேன். மூன்று நாள் கழித்துத்தான் உடல் கையில் கிடைத்தது.

அங்கே வேலை செய்த ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, பொறுமையாகச் சொன்னார். நீங்கள் எரிக்கிறவர்கள், நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் தோண்டி எடுக்க எதுவும் இருக்காது, இன்றைக்கு நாங்கள் எழுதுவதுதான் கடைசி என்றார். கண்ணுக்குள் இருக்கிற திரவத்தை மெல்லிய ஊசியால் எடுப்பார்களாம். இறந்த பிறகு வயிற்றுக் கிருமிகள் ரத்தத்திலேயே மது உண்டாக்கிவிடும், குடிக்காதவர் குடித்த மாதிரி காட்டும். கண் குடலிலிருந்து தள்ளி, மூடி இருப்பதால் அங்கே அந்தக் கலப்படம் சீக்கிரம் வராது. அதனால் ரத்தத்தையும் கண் திரவத்தையும் சேர்த்து வைத்துத்தான் முடிவு சொல்வார்கள். மாமா குடித்துவிட்டு விழுந்தார் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அறிக்கையில் மது இல்லை. இதயத்து ரத்தக் குழாய் ஒன்று அடைத்திருந்தது. அதைப் படித்த பிறகு மாமா பையன்கள் இரண்டு பேரும் போய் செக்கப் செய்துகொண்டார்கள். ஒருவனுக்கு இப்போது ஸ்டென்ட் வைத்திருக்கிறது.

இப்போது குரூட்வில். எனக்குப் பின்னால், அந்த மரங்களுக்கு அப்பால்தான் நிறவெறியை எதிர்த்துப் போராடிய தலைவர் ஆல்பர்ட் லுத்துலியின் வீடு, இப்போது மியூசியம். ஆப்பிரிக்காவில் முதன்முதலாக அமைதிக்கான நோபல் பரிசு வாங்கினவர், 1960ஆம் ஆண்டுக்கானது. வெள்ளை அரசு அவரை இந்த வட்டாரத்தை விட்டு வெளியே போகவிடாமல் தடை போட்டு வைத்திருந்தது. 1967 ஜூலை 21 காலையில் உம்வோட்டி ஆற்று ரயில் பாலத்தில் அடிபட்டுக் கிடந்தார், அன்றைக்கே ஸ்டாங்கர் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. சரக்கு ரயில் மோதிவிட்டது என்றார்கள். அதே வருஷம் நடந்த விசாரணையும் அப்படியே எழுதி, யார் மேலும் குற்றம் இல்லை என்று மூடியது. கண்ணும் காதும் மங்கிவிட்டது, ரயில் வந்தது தெரிந்திருக்காது என்று காரணம் வேறு.

ஆயா இதை எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை. தன் கரும்புக் காட்டுக்குப் போக அவர் அந்தப் பாலத்தைத் தினமும் கடக்கிற மனுஷன், ரயில் நேரம் அவருக்குத் தெரியாதா என்பார். நாங்கள் சின்னப் பிள்ளைகள், ஆயா புலம்புகிறார் என்று நினைத்தோம்.

2025 ஏப்ரலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்த விசாரணையைத் திரும்பத் திறந்தது. 58 வருஷம் கழித்து. பார்த்த சாட்சிகள் பலர் உயிரோடு இல்லை. மிஞ்சியது பழைய மருத்துவ அறிக்கை, காயங்களின் விவரம், இடத்தின் அளவுகள். ரயில் மோதினால் உடம்பில் எப்படிப்பட்ட காயம் விழும், எங்கே விழும் என்று மருத்துவர்கள் பார்த்தார்கள். நீராவி ரயில்களில் தேர்ந்த ஒருவரும் சாட்சி சொன்னார். வேறு எங்கோ அடித்து, ரயில் மோதின மாதிரி தெரிய உடலைத் தண்டவாளத்துக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார். அக்டோபர் 30 அன்று நீதிபதி ராடெபெ தீர்ப்புச் சொன்னார்: மண்டை ஓடு உடைந்து, மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார், அதற்குக் காரணம் அடி, அடித்தது பாதுகாப்புப் பிரிவு போலீஸ், ரயில்வே ஆட்களும் கூட்டு.

இது முதல் தடவை இல்லை. அகமது திமோல், ஆசிரியர், 29 வயது, நிறவெறி அரசை எதிர்த்ததால் போலீஸ் பிடித்து வைத்திருந்தது. 1971 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்க் ஜான் வோர்ஸ்டர் ஸ்குவேர் போலீஸ் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்டார் என்று எழுதி வைத்தார்கள். 2017இல் திரும்பத் திறந்தபோது சாட்சிக் கூண்டில் நின்றவர்களில் ஒருவர் டர்பன் தடயவியல் மருத்துவர் ஸ்டீவ் நாயுடு, இன்னொருவர் திவாஷ் மூட்லி என்ற பொறியாளர். மூட்லி என்றால் நம்ம முதலிதான், கப்பலில் வந்த தாத்தாக்களின் பெயரை இந்த ஊர் அப்படி எழுதிக்கொண்டது. ஒருவர் காயத்தைப் படித்தார், ஒருவர் உடல் விழுந்த கோணத்தைக் கணக்குப் போட்டார். தாடையும் மண்டையும் உடைந்த விதம் விழுந்ததால் மட்டும் வரக்கூடியது இல்லை. கன்றிப்போன காயம் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் வரும், ஆறத் தொடங்கியிருந்தால் அது விழுவதற்கு முன்னால் வாங்கினது. 46 வருஷத்துக்கு முந்தின தாளிலிருந்து இதை எடுத்தார்கள். தள்ளப்பட்டார், கொலை என்று நீதிபதி மோத்லே எழுதினார். அன்றைக்கு அந்த அறையில் இருந்த போலீஸ்காரர் மேல் 2018இல் கொலை வழக்குப் போட்டார்கள். 2021இல் வழக்கு முடியும் முன்னே அவர் இறந்துவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

லுத்துலி தீர்ப்பு வந்த அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டேன். முழுசாகப் படித்துக் காட்டினேன், மண்டை ஓடு என்ற இடத்தில் அம்மா கொஞ்சம் நிறுத்தச் சொன்னார். ஆயா போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது. அம்மா சாமி ரூமுக்குப் போய் ஆயா படத்துக்கு முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு, திரும்ப முதலிலிருந்து படி என்றார்.

படித்தேன்.