தடுப்பது விசா அன்று, 'தாய்மொழி ஆங்கிலம்' என்ற நிபந்தனையே

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

துணைவரோடு வெளிநாட்டில் குடியேறும் ஆங்கில ஆசிரியருக்கு வேலை கிடைக்காமல் தடுப்பது பெரிதும் விசாச் சட்டமா, 'ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே வேண்டும்' என்ற மனப்பான்மையா என்பது இன்றைய தலைப்பு. மனப்பான்மையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அமெரிக்காவின் எச்-4 விசாவை எடுத்துக்காட்டினார். அவர் சொன்னது உண்மை. எச்-1பி என்ற தற்காலிகத் திறன்பணி விசாவில் அங்கே வேலை செய்பவரின் துணைவர், எச்-4 விசாவில் வேலை செய்யவே முடியாத நிலை நெடுங்காலம் இருந்தது. 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிகூட, கிரீன் கார்டு நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைவருக்கு மட்டுமே வழிவிட்டது. அந்தக் காத்திருப்பின் வேதனையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தத் தடை கணினிப் பொறியாளருக்கும் உண்டு, பல் மருத்துவருக்கும் உண்டு. ஆங்கில ஆசிரியருக்கென்றே தனியாக எழுப்பிய சுவர் எது என்பதல்லவா நம் முன் உள்ள வழக்கு?

விசாத் தடையே இல்லாத ஒரு நாட்டுக்கு வாருங்கள். ஜெர்மனியில், உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான அனுமதியாகிய நீல அட்டையைப் பெற்றவரின் துணைவர் எந்த வேலையும் செய்யலாம். அரசுப் பள்ளியில் சேர அந்நாட்டு ஆசிரியர் தகுதியும், கற்பிக்க இரண்டு பாடங்களும், உயர்நிலை ஜெர்மன் மொழியறிவும் கேட்கிறார்கள். அது நியாயம், அதில் எனக்குக் குறையில்லை. எஞ்சுவது வயது வந்தோருக்கான மாலை வகுப்புகளும் தனியார் மொழிப் பயிற்சி நிலையங்களும். எம்.ஏ. ஆங்கில இலக்கியம், பி.எட்., அவற்றுக்கு மேல் 120 மணி நேரப் பயிற்சியும் மதிப்பீட்டாளர் முன்னிலையில் ஆறு மணி நேரம் உண்மையான வகுப்பும் எடுத்துப் பெற்ற, ஆங்கிலம் கற்பிப்பதற்கான கேம்பிரிட்ஜ் செல்டா சான்றிதழ், இவ்வளவும் இணைத்து அப்படி ஒரு நிலையத்துக்கு விண்ணப்பித்தேன். தொலைபேசியில் அழைத்த அம்மையார் செவ்வாய், வியாழன் மாலைகளில் வர இயலுமா என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டார். பிறகு, நான் எந்த நாட்டில் வளர்ந்தேன் என்று கேட்டார். திருநெல்வேலி, தமிழ்நாடு என்றேன். "எங்கள் வாடிக்கையாளர்கள் தாய்மொழியாளரைத்தான் விரும்புகிறார்கள்" என்று பேச்சை முடித்துக்கொண்டார். 'வேலை செய்ய அனுமதி உண்டு' என்று அச்சிட்ட குடியிருப்பு அட்டை என் கையில்தான் இருந்தது; அதைப் பற்றி ஒரு சொல்கூட அவர் கேட்கவில்லை.

அதே நாட்டின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2017-இல், வேலை விளம்பரத்தில் 'ஜெர்மன் தாய்மொழியாக' என்று கேட்பது இனத் தோற்றத்தின் அடிப்படையில் மறைமுகப் பாகுபாடு ஆகலாம் என்று தீர்ப்பளித்திருக்கிறது. சட்டம் எங்கள் பக்கம் நிற்கும்போதும் வகுப்பறைக் கதவு திறக்கவில்லை.

தாய்மொழியாளர்தான் நன்றாகக் கற்பிப்பார், கேட்பவர் கேட்பதில் தவறென்ன என்று இரண்டாம் பேச்சாளர் வினவினார். ஜெர்மானிய மாணவர் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுகிறார். அது தவறு என்று திருத்த யாராலும் முடியும். ஏன் அப்படி எழுதுகிறார் என்பது எனக்குத் தெரியும். 'மூன்று ஆண்டுகளாக இங்கே வசிக்கிறேன்' என்று நாமும் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? ஜெர்மன் மொழியும் அப்படியே சொல்கிறது. அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்து வந்த ஆசிரியரால், மாணவர் விழப்போகும் இடத்தை முன்கூட்டியே காட்ட முடியும். பிறந்தது முதல் 'ஐ ஹேவ் லிவ்ட்' என்றே பேசியவர், பயிற்சி பெற்ற பிறகுதான் அந்த இடத்தைக் கண்டுகொள்வார். ஆக, தேவைப்படுவது பயிற்சி, பிறப்பு அன்று.

1961-இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த காமன்வெல்த் மாநாட்டிலிருந்து இத்துறை எடுத்துக்கொண்ட கோட்பாடுகளுள் ஒன்று, தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்பது. மொழியறிஞர் ராபர்ட் பிலிப்சன் அதைப் பொய்மை என்று 1992-இல் மறுத்தார். ஆங்கில ஆசிரியர்களின் உலகளாவிய அமைப்பான டெசோல், 2006-இல் இந்தப் பாகுபாட்டுக்கு எதிராக அறிக்கையே வெளியிட்டது. அந்த அமைப்பின் ஆய்விதழுக்கு ஆசிரியராக இருந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா என்ற தமிழர். துறையின் முதன்மை இதழையே நடத்தத் தகுதியுள்ளவர்கள் நம்மவர்கள். மாலை வகுப்புக்கு மட்டும் தகுதியற்றவர்களா?

எதிரணியினர் பெரிதும் நம்பியிருக்கும் தென் கொரியாவுக்கு வருகிறேன். அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் இ-2 விசா, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கே பொதுவாக உரியது. அவர்களுக்கு ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் போதும். 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம் நமக்குத் திறந்ததோ சிறு வாசல்: பள்ளிகளில் உதவி ஆசிரியர் பணி, அதற்கும் ஆசிரியர் தகுதிச் சான்று கட்டாயம். பயிற்சி பெற்ற நமக்குச் சிறு வாசல், பயிற்சி பெறாத அவர்களுக்கு நேர்வழி. 'பாருங்கள், விசாதான் தடை' என்கிறார்கள் எதிரணியினர். அந்த ஏழு நாடுகளை எந்தக் கற்பித்தல் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை, அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இந்த அவைக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன், நடுவர் அவர்களே.