153.5 கட்-ஆஃப், சரி. வீடு எல்லைக்கு எந்தப் பக்கம்?

[காட்சி: கடலூர்–புதுச்சேரி சாலை, பேருந்தின் முன் கண்ணாடி வழியாக. முள்ளோடை எல்லை வளைவு நெருங்கி வருகிறது.]

வணக்கம். இந்த ரோட்டில் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் முள்ளோடை. மதுக்கடைகள் வரிசையாக வர ஆரம்பித்தால் மாநிலம் மாறிவிட்டது என்று அர்த்தம். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம் என்று சைக்கிள் மிதிக்கிற பிள்ளைகள் இங்கே நிறைய. படிக்கிற காலத்தில் அந்தக் கோடு யார் கண்ணிலும் படாது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகுதான் அது காலைத் தடுக்கும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மே, ஜூன் மாதங்களில் கல்லூரி விண்ணப்பம் போட்டுத் தருவதுதான் முக்கால்வாசி வேலை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "இந்த மார்க்குக்கு என்ன கிடைக்கும்?" நான் திருப்பிக் கேட்பது வேறு மூன்று. வீடு எங்கே? பள்ளி எங்கே, யாருடைய பள்ளி? எந்த வரிசையில் படித்தாய்? இந்த வீடியோ அந்த மூன்றைப் பற்றித்தான்.

[காட்சி: வெள்ளைத்தாள், நீலப் பேனா. கை மட்டும் தெரிகிறது.]

முதலில் கணக்கை முடித்துவிடுவோம், அது சுலபம். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. 2006-ல் சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். கணிதம் 100-க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் 50-க்குச் சுருங்கும். போன வருடம் வந்த ஒரு பெண்ணின் மார்க் இது: கணிதம் 78, இயற்பியல் 71, வேதியியல் 80. 78, அப்புறம் 35.5, அப்புறம் 40. மொத்தம் 200-க்கு 153.5. இதைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். விண்ணப்பிக்கவே ஒரு வாசல்படி உண்டு: இந்த மூன்று பாடங்களின் சராசரி பொதுப்பிரிவுக்கு 45 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம். இவளுக்கு அதில் பிரச்சினையே இல்லை.

அரசு கலைக் கல்லூரிக்குக் கணக்கே வேறு. தேவனாம்பட்டினத்தில் இருக்கிற பெரியார் கலைக் கல்லூரிக்கோ விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரிக்கோ போட்டால், நான்கு முக்கியப் பாடங்களைச் சேர்த்து 400-க்குத் தரவரிசை. பி.ஏ. தமிழ் என்றால் தமிழ் மார்க்கைப் பார்ப்பார்கள். புதுச்சேரி காலாப்பட்டில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் கியூட் என்கிற பொது நுழைவுத்தேர்வு எழுதியிருக்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும் தேதி பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடும். மே மாதம் கடைக்கு வந்து "காலாப்பட்டுக்குப் போடுங்கண்ணா" என்று நிற்கிற பிள்ளையிடம் இதைச் சொல்வதுதான் எனக்குப் பிடிக்காத வேலை.

[காட்சி: மறுபடி அந்தச் சாலை. இப்போது புதுச்சேரியிலிருந்து கடலூர் நோக்கி.]

சரி, அந்த 153.5 பெண்ணுக்கு வருவோம். வீடு ரெட்டிச்சாவடி பக்கம், கடலூர் மாவட்டம். ஆறாம் வகுப்பிலிருந்து படித்தது பாகூர் பக்கம் ஓர் அரசுப் பள்ளி, புதுச்சேரி மாநிலம். அம்மா என்ன நினைத்திருந்தார்? "கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச பிள்ளை, 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இடமும் கிடைக்கும், ஃபீஸும் கிடையாது."

அந்த ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, மறு வருடம் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பது விதி. ஆனால் அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. பாகூர் இதில் வராது. மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டத்துக்கும் இதே கதைதான். அப்படியானால் புதுச்சேரியில் சென்டாக், அதாவது அந்த அரசின் மாணவர் சேர்க்கைக் குழு வழியாகப் போகலாமா? அங்கே குடியிருப்புச் சான்று கேட்பார்கள். வீடு இந்தப் பக்கம். இரண்டு அரசாங்கத்துக்கும் நடுவில் பிள்ளை நிற்கிறாள்.

ஆனாலும் பொதுக் கவுன்சலிங்கில் அவளுக்கு இடம் உண்டு. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. வெளியே படித்த தமிழ்நாட்டுக்காரர்கள் நேட்டிவிட்டி சான்று கொடுத்தால் போதும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இதைக் கடைசி நாளில் தெரிந்துகொண்டால்தான் ஆபத்து. தாசில்தார் கையெழுத்து நம் அவசரத்துக்கு வராது.

இதே இடத்தில் இன்னொரு குழப்பம். "கவர்மெண்ட் ஸ்கூல்தான் சார், வாத்தியாருக்குச் சம்பளமே கவர்மெண்ட்தான் தருது" என்பார்கள். அது அரசு உதவி பெறும் பள்ளி. 7.5 ஒதுக்கீட்டுக்கு அது செல்லாது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண் உதவித்தொகையைப் பிறகு விரித்தார்கள், அது வேறு. ஒன்று கிடைத்தால் மற்றதும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

[காட்சி: பிளாஸ்டிக் கவரிலிருந்து சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மேசையில் எடுத்து வைக்கும் கை.]

இனி மார்க் குறைந்தவர்கள், பாதியில் நின்றவர்கள். என்னைக் கேட்டால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிக நல்ல பக்கவாசல் பாலிடெக்னிக்தான். அதை ஏதோ தோற்றவர்கள் போகிற இடம் போலப் பேசுவது எனக்குக் கோபம் வரவழைக்கும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், மூன்று வருடம் டிப்ளமோ. பிளஸ் டூவோ ஐ.டி.ஐ.யோ முடித்திருந்தால் டிப்ளமோவில் நேராக இரண்டாம் வருடம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம், லேட்டரல் என்ட்ரி என்பார்கள். கணிதம் படித்த பி.எஸ்சி.காரர்களுக்கும் அந்த வழி உண்டு. லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோவே இருக்கிறது; அந்த ஊர் பீங்கானுக்குப் பேர்போன ஊர்.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போனதா? துணைத்தேர்வு சில வாரங்களிலேயே வந்துவிடும், அதை எழுதி அதே வருடம் கல்லூரியில் சேர்ந்தவர்கள் உண்டு. பள்ளியை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டதா? என்.ஐ.ஓ.எஸ். திறந்தநிலைப் பள்ளியில் பத்தும் பன்னிரண்டும் எழுதலாம். ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, பாஸ் மார்க் 33.

[காட்சி: ஏணிப் படம். நடுவில் ஒரு கட்டை இல்லை.]

இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகக் கேளுங்கள். எங்கள் தெருவில் ஓர் அக்கா. பத்தாவது முடித்துத் தையல் வேலைக்குப் போனவர். முப்பது வயதில் "பிளஸ் டூ வேண்டாம், நேரடியாக டிகிரி" என்ற விளம்பரத்தைப் பார்த்துத் தபால் வழியில் சேர்ந்தார். ராத்திரி தையல் மெஷின் மேலேயே புத்தகத்தை விரித்து வைத்துப் படித்துப் பாஸும் செய்தார். அரசு வேலைக்குப் போடும்போது, பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் எங்கே என்று கேட்டார்கள். இல்லை. பட்டம் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்குகிறது.

இது அவர் ஒருவரின் கதை இல்லை. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் வாங்கிய எம்.ஏ. செல்லாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே மேல்முறையீடு செய்தது நம் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதே வருடம் ஆகஸ்டில் தமிழக அரசும் ஓர் ஆணை போட்டது: திறந்தநிலைப் பட்டம் அரசு வேலைக்குச் செல்ல வேண்டுமென்றால் அதற்கு முன் பத்தும் பன்னிரண்டும் முடித்திருக்க வேண்டும். தபால் வழியில் படிப்பதில் குற்றமில்லை, நானே அப்படிப் படித்தவன்தான். கட்டையைத் தாண்டி ஏறுவதில்தான் வம்பு.

அப்படியானால் பிளஸ் டூ படிக்காத டிப்ளமோக்காரர்? பத்து, மூன்று வருட டிப்ளமோ, பி.இ. என்ற வரிசையில் கட்டை விடுபடவில்லை, பயப்பட வேண்டாம். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் மொழிப்பாடத் தேர்வை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் எட்டோடு ஐ.டி.ஐ. பத்துக்குச் சமம், பத்தோடு ஐ.டி.ஐ. பன்னிரண்டுக்குச் சமம், ஆனால் அந்த மொழித்தேர்வில் தேறினால்தான். இதை எழுதாமல் விட்டவர்கள்தான் அதிகம்.

அந்த அக்கா இப்போது பன்னிரண்டாம் வகுப்பை எழுதிக்கொண்டிருக்கிறார், பட்டம் வாங்கிய பிறகு. வரிசை திரும்பிவிட்டதால் அந்தப் பட்டம் உயிர்பெறாது, மறுபடி ஒன்று படிக்க வேண்டும். தெரிந்துதான் எழுதுகிறார்.

ரெட்டிச்சாவடிப் பெண்ணுக்கு நேட்டிவிட்டி சான்று நேரத்துக்குக் கிடைத்துவிட்டது. கவுன்சலிங்கில் கல்லூரிகளை எந்த வரிசையில் போடுவது என்று இரண்டு நாள் கடையில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டோம். அது அடுத்த வீடியோ.