லாரி பட்டை எத்தனை டிகிரியில் உருகும்?

வணக்கம் நேயர்களே. மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கத்துக் கொல்லுப்பட்டறைகளில் அருவாள் அடிக்க லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைத் தேடி வாங்குவார்கள். அந்தப் பட்டை எத்தனை டிகிரியில் உருகும்? உலையில் போட்டுப் பார்க்காமலே, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற சீட்டை வைத்துச் சொல்லிவிடலாம். வெறும் கழித்தல் கணக்குதான்.

சுத்த இரும்பு உருகுவது 1,538 டிகிரி செல்சியஸில். நூற்றுக்கு ஒரு பங்கு கார்பன் சேர்ந்தால் அதில் சுமார் 78 டிகிரி குறையும். அதே அளவு சிலிக்கானுக்கு 8, மாங்கனீஸுக்கு 5. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் 0.55, சிலிக்கான் 1.8, மாங்கனீஸ் 0.85 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் அறுபது டிகிரி சொச்சம் கழியும். 1,476 என்று விடை வரும். கட்டடக் கம்பியில் கார்பன் குறைவு, அதனால் 1,515ஐ ஒட்டி நிற்கும்.

ஏன் குறைகிறது? உருகிய இரும்பில் அந்நிய அணுக்களுக்கு இடம் தாராளம். கெட்டியாகும் இரும்போ அவற்றில் ஒரு பகுதியை வெளியே தள்ளிவிடும். ஆக, கலப்பு கூடக் கூட இரும்பு திரவமாகவே இருக்கப் பார்க்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகளுக்கும் இது கைவந்த விஷயம். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். பித்தளை சேர்த்த கலவை அதற்குக் கீழேயே இளகிவிடும்.

சரி, 1,476 என்றோமே, அது எந்தப் புள்ளி? முழுதும் திரவமாகிவிட்ட புள்ளி. எஃகு ஒரே டிகிரியில் உருகுவதில்லை. மார்கழியில் நெய் மணல் மணலாக நிற்கிறதே, அப்படிக் கொஞ்சம் கெட்டி, கொஞ்சம் திரவமாக ஒரு நிலை நடுவில் உண்டு. ஸ்பிரிங் பட்டையில் அந்த இடைவெளி ஏறக்குறைய நூறு டிகிரி. மேல் எல்லையைச் சூத்திரம் நன்றாகவே சொல்கிறது. வார்ப்பவர்கள் அதற்கு மேல் இருபது முப்பது டிகிரி வைத்து அச்சில் ஊற்றுவார்கள். கீழ் எல்லையைச் சொல்லும் சூத்திரங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

அதற்குக் காரணம் கந்தகம். சீட்டில் 0.03 என்று ஓரமாக இருக்கும். ஆனால் கெட்டியாகும் இரும்பு தள்ளித் தள்ளி, கடைசியாக மிஞ்சும் துளித் திரவத்தில் அது போய்க் குவிந்துகொள்ளும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த அந்தக் கலவை 988 டிகிரி வரை உறையாது. இரும்புக்குள் நெருங்கி நிற்கும் சின்னச் சின்னப் படிக மணிகளுக்கு நடுவே அது ஈரமாக நிற்கும்போது சம்மட்டியால் அடித்தால் பட்டை விரியும், வெடிக்கும். மாங்கனீஸ் இருந்தால் கந்தகத்தை அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும். அந்தச் சேர்மம் 1,600 டிகிரியிலும் உருகாது. கழித்தல் கணக்கில் வெறும் 5 டிகிரி பெற்ற மாங்கனீஸின் உண்மையான வேலை இங்கேதான்.

அப்புறம், இந்தக் கணக்கை எஃகோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பம்பு செட்டின் வார்ப்பிரும்புக்குப் போட்டால் 1,250 என்று காட்டும். உண்மையில் அது 1,200க்குக் கீழேயே உருகிவிடும்.

கொல்லுப்பட்டறையில் யாரும் எஃகை உருக்குவதில்லை. இருந்தாலும் துருத்தியை அதிகம் ஊதிவிட்டால் பட்டையின் நுனி வெள்ளையாகிப் பொறி பறக்கும். மணிகளின் விளிம்பு இளகி, காற்றும் உள்ளே புகுந்துவிட்டது என்று பொருள். திரும்பச் சூடேற்றி அடித்தாலும் அது ஒட்டாது. அந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டு மிச்சத்தில் அருவாள் அடிக்க வேண்டியதுதான்.