ரோபோ கட்டுரையில் தப்பு எங்கே ஒளிந்திருக்கும்?

[திரையில்: கோயில் முற்றத்தில் நிற்கும் ஆளுயரத்தைத் தாண்டிய இயந்திர யானையின் படம்]

வணக்கம் மக்களே. நாகர்கோவிலில் இருந்து பேசுகிறோம். தமிழ் விக்கிப்பீடியாவில் ரோபோ பற்றிய கட்டுரைகளைத் திருத்துவது எப்படி என்று இன்று பார்ப்போம்.

படத்தில் இருப்பது இரிஞ்சாடப்பிள்ளி ராமன். 2023 பிப்ரவரியில் திருச்சூர் மாவட்டக் கோயில் ஒன்றுக்கு பீட்டா இந்தியா அமைப்பு கொடுத்த யானை. எடை 800 கிலோ. காது அசையும், கண் அசையும், வால் ஆடும். உள்ளே எல்லாம் மோட்டார்தான். 'ரோபோ யானை' என்று செய்திகள் வந்தன. திருவிழாவுக்கு யானை வேண்டும் என்று நினைக்கிற நம் மாவட்டத்திலும் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று வந்திருக்கும்.

சரி, தமிழ் விக்கிப்பீடியாவில் இதைப் பற்றி எழுதப் போகிறீர்கள். ரோபோ என்று போடலாமா?

[திரையில்: 'ஐஎஸ்ஓ 8373' என்ற எழுத்து]

ரோபோத் துறையின் சொற்களுக்கு ஐஎஸ்ஓ 8373 என்று ஒரு பன்னாட்டுத் தரம் இருக்கிறது. அது கேட்பது சுருக்கமாக இதுதான்: நிரல் போட்டு இயக்கக் கூடியதா, நகர்வதோ பொருளைக் கையாள்வதோ போன்ற வேலையைச் செய்கிறதா, அதில் ஓரளவாவது தன்னாட்சி, அதாவது தானாக இயங்கும் திறன், உண்டா? ராமனின் தும்பிக்கையை அசைக்கப் பாகன் சுவிட்சை அழுத்த வேண்டும். அப்படியானால் மூன்றாவது கேள்வியிலேயே இடிக்கிறது. நான் எழுதினால், 'ரோபோ யானை என்று செய்திகளில் குறிப்பிடப்படும் இயந்திர யானை' என்றுதான் எழுதுவேன். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பொய் இல்லை.

ரோபோ கட்டுரைகளைத் திருத்த உட்காரும்போது ஒவ்வொரு வரியிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். இதை ஓட்டுவது யார்? சொன்ன காரியம் நடந்து முடிந்துவிட்டதா? எழுத்துப்பிழையை யார் வேண்டுமானாலும் பிடிப்பார்கள். இந்த இரண்டு கேள்வியில் மாட்டுகிற தப்பு வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

[திரையில்: சாலை நடுவே திறந்த மேன்ஹோல், அதன் மேல் நான்கு கால் சட்டகம்]

முதல் கேள்விக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. வடசேரியில் திருவனந்தபுரம் பஸ் பிடித்தால் போதும், அந்த ஊர் நிறுவனம்தான் ஜென்ரோபோடிக்ஸ். பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்ய அவர்கள் உருவாக்கி 2018இல் வெளிவந்த கருவிதான் பாண்டிகூட். அதே ஆண்டு கும்பகோணத்துக்கும் வந்தது.

இதைப் பற்றி 'மனிதர் துணையின்றித் தானே சாக்கடையைச் சுத்தம் செய்யும் ரோபோ' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிக்க ஜோராக இருக்கும். நடப்பது வேறு. சட்டகம் மேன்ஹோலுக்கு மேலே நிற்கிறது. அதிலிருந்து கையும் கேமராவும் உள்ள பகுதி குழிக்குள் இறங்குகிறது. மேலே ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே அந்தக் கையை இயக்கிக் கழிவை அள்ளுகிறார். முன்பு குழிக்குள் இறங்கிய தொழிலாளர்களுக்கே இதை இயக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

மனிதர் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை என்பது வேறு, மனிதரே வேண்டியதில்லை என்பது வேறு. கையால் கழிவு அள்ளும் வேலையைத் தடைசெய்து 2013இல் வந்த சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால், இந்தக் கருவியின் முக்கியத்துவமே அந்த முதல் பாதியில்தான் இருக்கிறது. 'தானே செய்யும்' என்று எழுதினால் திரை முன் நிற்கிற அந்தத் தொழிலாளி கட்டுரையிலிருந்து காணாமல் போய்விடுகிறார்.

ஆஸ்பத்திரி ரோபோவுக்கும் இதேதான். 2000இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி கருவி அறுவை செய்வதில்லை. மருத்துவர்தான் செய்கிறார், அதன் கைகளால்.

[திரையில்: ஆரல்வாய்மொழி கணவாய், காற்றாலைகள், தூரத்தில் மலை]

அடுத்த கேள்வி, நடந்துவிட்டதா? ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் காவல்கிணறு, அங்கே மலையடியில் மகேந்திரகிரி இஸ்ரோ மையம். இந்தப் பக்கத்து வீடுகளில் இஸ்ரோ பற்றிப் பேச ஆள் தேட வேண்டாம். அதனாலோ என்னவோ, ஆர்வத்தில் ஒரு படி முன்னே போய்விடுகிறோம்.

வியோமித்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரியில் பெங்களூரில் இஸ்ரோ அறிமுகப்படுத்திய பாதி மனித உருவ ரோபோ. இடுப்புக்கு மேலேதான் உருவம், கால் கிடையாது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் ஆளில்லாச் சோதனைப் பயணத்தில் போவதற்காக உருவானது. அந்தப் பயணத்துக்குச் சொல்லப்பட்ட தேதிகள் பலமுறை தள்ளிப்போயின. ஒவ்வொரு தேதியையும் நம்பி 'விண்ணுக்குச் செல்கிறது' என்று எழுதினால் கட்டுரை மாதா மாதம் பழசாகும். '2020இல் அறிமுகமானது, இன்ன பயணத்துக்குத் திட்டமிடப்பட்டுள்ளது' என்று எழுதி, அந்தத் தகவல் எந்த மாத நிலவரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கடலிலும் இதே கதை. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ரோசப் 6000, தொலைவிலிருந்து இயக்கப்படும் ஆழ்கடல் வாகனம். பெயரில் 6000 இருக்கிறது. 6000 மீட்டர் ஆழம் வரை போகும்படி வடிவமைத்தார்கள். சோதனையில் எட்டியது 5289 மீட்டர். இரண்டும் சாதனைதான், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அப்புறம், மத்ஸ்யா 6000ஐ இதோடு குழப்ப வேண்டாம். அது மூன்று பேரை ஏற்றிச் செல்வதற்கான நீர்மூழ்கி.

[திரையில்: பழைய தொழிற்சாலை இயந்திரக் கை, பக்கத்தில் 1954, 1961]

வருடங்களிலும் இந்தக் கேள்வி உதவும். முதல் தொழிற்சாலை ரோபோவான யூனிமேட் 1954ஆ, 1961ஆ? ஜார்ஜ் டெவால் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது 1954. காப்புரிமை கிடைத்தது 1961. ஜெனரல் மோட்டார்ஸின் நியூஜெர்சி ஆலையில் சூடான வார்ப்புகளை எடுத்து வைக்க அது வேலைக்குச் சேர்ந்ததும் 1961. வருடத்தை மட்டும் போடாமல், அந்த வருடத்தில் என்ன நடந்தது என்றும் எழுதிவிட்டால் சண்டையே இல்லை.

எண்ணிக்கைக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. பன்னாட்டு ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பின் கணக்கில் 2023இல் உலகத் தொழிற்சாலைகளில் புதிதாக நிறுவியவை 5,41,302. மொத்தம் இயங்கிக்கொண்டிருந்தவை 42,81,585. முதலாவது அந்த வருட வரவு, இரண்டாவது மொத்த இருப்பு. ஆங்கிலக் கட்டுரையில் மில்லியனில் பார்த்துவிட்டு அவசரத்தில் 4.28 கோடி என்று போட்டால் பத்து மடங்கு ஏறிவிடும்; 42.8 லட்சம் என்பதே சரி.

[திரையில்: விக்கிப்பீடியா பக்கம், சுட்டி 'வரலாற்றைக் காட்டவும்' மீது]

சந்தேகமான வரி கிடைத்தால் உடனே 'தொகு' பொத்தானுக்குப் போகாதீர்கள். முதலில் வரலாற்றைத் திறந்து, அந்த வரி எந்தத் தேதியில் சேர்ந்தது என்று பாருங்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டியிருக்கும் செய்தி அதற்குப் பிறகு வந்தது என்றால் உஷார். விக்கிப்பீடியாவைப் பார்த்தே நிருபர் எழுதியிருக்கலாம், அதையே ஆதாரமாகக் கொண்டுவந்து ஒட்டியிருக்கலாம். வட்டத்தில் சுற்றும் ஆதாரம் ஆதாரமே இல்லை.

நிறுவனத்தின் தளத்தை எடை, உயரம் போன்றவற்றுக்கு நம்பலாம். 'உலகிலேயே முதல்' என்பதற்கு நம்பக் கூடாது. வேறு இடத்தில் சான்று கிடைக்காவிட்டால் 'என்று நிறுவனம் கூறுகிறது' என்று சேர்த்துவிடுங்கள்.

இங்கே கல்லூரித் தம்பி தங்கைகள் ஒன்று கேட்பார்கள்: 'அண்ணே, ரோபோவைச் செய்ததே நாங்கள்தான், எங்களுக்குத் தெரியாதா?' தெரியும் மக்களே. ஆனாலும் அச்சிலோ நம்பகமான தளத்திலோ வராததை விக்கிப்பீடியாவில் எழுத முடியாது. நீங்களே செய்த கருவி என்றால் கட்டுரையைத் தொடாமல், உரையாடல் பக்கத்தில் உங்கள் தொடர்பைச் சொல்லி, ஆதாரத்தையும் கொடுங்கள். மற்றவர்கள் பார்த்துச் சேர்ப்பார்கள். நீங்கள் எடுத்த நல்ல புகைப்படம் இருந்தால் விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்து வைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள், அதற்குத் தட்டுப்பாடு நிறையவே இருக்கிறது.

திருத்தியதும் சுருக்கப் பெட்டியில் காரணத்தை எழுதுங்கள். 'பிழை திருத்தம்' என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'இயக்குபவர் உண்டு, தானியங்கி அல்ல. மேற்கோள் சேர்த்தேன்' என்றால் அடுத்து வருபவர் நின்று படிப்பார். அப்படியும் யாராவது மாற்றத்தைத் திருப்பினால் மறுபடி மறுபடி திருத்திச் சண்டை பிடிக்காமல் உரையாடல் பக்கத்துக்கு வாருங்கள். அங்கேயும் முடியாத பொது விஷயம் என்றால், எல்லோரும் கூடிப் பேசும் விக்கிப்பீடியா பக்கமான ஆலமரத்தடி இருக்கிறது.

வியோமித்ரா பக்கத்தை மறக்காமல் கவனிப்புப் பட்டியலில் போட்டுக்கொள்ளுங்கள், அதில் யார் எதை மாற்றினாலும் அங்கே தெரியும். ராக்கெட் கிளம்புகிற அன்று அந்தப் பக்கத்தில் கூட்டம் அலைமோதும்.