மறுபடி கதவைத் தட்டும்போது இல்லாதவர்கள்

(குடும்பத் தொடர் ஆய்வுத் தரவுகளைக் கையாள்வது பற்றிய பயிலரங்கில் ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய தொடக்க உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

மதியத்துக்கு மேல் எல்லோரும் கணினி முன்னால் உட்காரப் போகிறோம். அதற்கு முன்னால் என்னைக் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். தொடர் ஆய்வு என்றால் அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்பது. எடை என்றால் நாம் கேட்ட ஒரு வீடு வெளியே எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்ற எண். அந்தத் தரவில் எந்த எடையைப் போடுவது என்று முடிவு செய்யும் அந்த இடத்தில்தான், யாருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்பதையும் முடிவு செய்கிறோம். அந்த முடிவை மென்பொருளின் கையில் விட்டுவிடாதீர்கள். "முன்னால் வந்த கட்டுரையில் இப்படித்தான் போட்டிருந்தார்கள்" என்று அடுத்தவர் தலையிலும் கட்டாதீர்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு தரவிலிருந்தே ஆரம்பிக்கிறேன். டெல்லியில் உள்ள என்.சி.ஏ.இ.ஆர். என்ற பொருளாதார ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திவரும் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு. முதல் சுற்று 2004-05-ல் நடந்தது. 1,503 கிராமங்கள், 971 நகரப் பகுதிகள், மொத்தம் 41,554 வீடுகள். வருமானம், கடன், திருமணம், வைத்தியச் செலவு என்று ஒவ்வொரு வீட்டிலும் நீண்ட நேரம் உட்கார்ந்து கேட்டார்கள். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா, கழித்தல் கணக்குப் போடத் தெரிகிறதா என்றுகூடச் சோதித்தார்கள். 2011-12-ல் அதே வீடுகளுக்குத் திரும்பப் போனார்கள். அப்போது அந்தப் பிள்ளைகளுக்கு 15 முதல் 18 வயது. வாசிக்கத் திணறிய பிள்ளை இன்னும் படிக்கிறதா, வேலைக்குப் போய்விட்டதா, கல்யாணம் ஆகிவிட்டதா என்று பார்க்க முடிந்தது. தொடர் ஆய்வின் பலமே இதுதான். தனித்தனியாக இரண்டு கணக்கெடுப்பு நடத்தினால் வறுமை இத்தனை சதவீதம் குறைந்தது என்று சொல்லலாம். அன்று ஏழையாக இருந்த குடும்பம் மேலே வந்ததா, அல்லது அது அப்படியே இருக்க வேறொரு குடும்பம் கீழே விழுந்ததா என்பதை அதே வீட்டுக்குத் திரும்பப் போனவர்தான் சொல்ல முடியும்.

சரி, திரும்பப் போனபோது எத்தனை வீடுகள் கிடைத்தன? 34,621. அதாவது நூற்றுக்கு 83. ஏழு வருடம் கழித்து, இவ்வளவு பெரிய நாட்டில், இது பெரிய உழைப்பு. களப்பணியாளர்கள் வெயிலில் தெருத் தெருவாக அலைந்து கொண்டுவந்த எண் இது. ஆனால் கிராமத்தில் சுமார் 90 சதவீதம் கிடைத்தது. நகரத்தில் சுமார் 72 தான். நகரத்தில் காணாமல் போனவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். சொந்த வீட்டுக்காரர் அநேகமாக அங்கேயே இருப்பார். வாடகைக்கு இருந்தவர், வேலை தேடி வந்து ஒண்டியாகத் தங்கியிருந்தவர், குடியிருப்பை இடித்ததால் ஊருக்கு வெளியே போனவர், இவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். ஆக, மிஞ்சிய வீடுகளை மட்டும் வைத்து "நகரக் குடும்பங்களின் வருமானம் இவ்வளவு உயர்ந்தது" என்று எழுதினால், அது பெரும்பாலும் நிலையாகக் காலூன்றியவர்களின் கதையாகத்தான் இருக்கும். அலைந்துகொண்டே இருப்பவர்கள் அந்தக் கதையில் இல்லை.

விடுபட்டவர்களுக்கு அப்புறம் வருகிறேன். முதலில் எடை என்றால் என்ன என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்த்துவிடுவோம். ஒரு மாவட்டத்தில் கிராமங்களில் 90,000 வீடுகள், நகரத்தில் 10,000 வீடுகள். நகரத்தைப் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டும் என்பதால் இரண்டிலும் நூறு நூறு வீடுகள் எடுக்கிறோம். கிராமத்தில் 40 வீட்டில் கழிப்பறை இருக்கிறது, நகரத்தில் 90 வீட்டில் இருக்கிறது. எடை போடாமல் கூட்டினால் 200-க்கு 130, அதாவது 65 சதவீதம். ஆனால் நம் மாதிரியில் உள்ள ஒரு கிராம வீடு 900 வீடுகளுக்காகப் பேசுகிறது. ஒரு நகர வீடு 100 வீடுகளுக்காகப் பேசுகிறது. இந்த 900-ம் 100-ம்தான் எடைகள். அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் 45 சதவீதம் வருகிறது. இருபது புள்ளி வித்தியாசம்! இந்த 65-ஐ நம்பி ஒரு திட்டத்துக்கு நிதி ஒதுக்கினால், கழிப்பறை இல்லாத ஆயிரக்கணக்கான வீடுகள் கணக்கிலேயே வராமல் போய்விடும்.

இதற்கு ஒரு விலையும் கொடுக்க வேண்டும். எடைகளுக்குள் ஏற்றத்தாழ்வு கூடக்கூட மதிப்பீட்டின் துல்லியம் குறையும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் லெஸ்லி கிஷ் சொன்ன சூத்திரம் ஒன்று உண்டு. எடைகளின் கூட்டுத்தொகையை வர்க்கப்படுத்தி, எடை வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். மேலே சொன்ன 200 வீட்டுக்கு அதைப் போட்டால் 122 வருகிறது. தோராயமாகச் சொன்னால், 200 வீடு போய்க் கேட்டும் 122 வீடு கேட்ட அளவு துல்லியம்தான் கிடைக்கிறது. எடை போட்டதும் திட்டப்பிழை, அதாவது மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்பதன் அளவு, பெரிதாகிறதே என்று பயந்து எடையைத் தூக்கிவிடுகிற மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தவறான எண்ணைத் துல்லியமாகச் சொல்வதில் யாருக்கும் லாபமில்லை.

வேண்டுமென்றே சமமில்லாமல் மாதிரி எடுப்பது தப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1968-ல் தொடங்கிய வருமானத் தொடர் ஆய்வு உலகிலேயே மிக நீண்ட காலமாக நடக்கும் குடும்பத் தொடர் ஆய்வு. ஜனாதிபதி ஜான்சன் வறுமைக்கு எதிரான போர் என்று அறிவித்த காலம் அது. நாடு தழுவிய மாதிரியில் 2,930 குடும்பங்கள். அதோடு குறைந்த வருமானக் குடும்பங்கள் மட்டும் 1,872. வறியவர்களைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அவர்களை அதிகமாகச் சேர்த்தார்கள். நல்ல நோக்கம். ஆனால் எடை போடாமல் அதைத் திறக்கிறவருக்கு அமெரிக்கா இருப்பதைவிட மிகவும் ஏழை நாடாகத் தெரியும்.

இனி, ஆய்வாளர்கள் அதிகமாகக் குழம்பும் இடம். பிரிட்டனில் எசெக்ஸ் பல்கலைக்கழகம் 2009 முதல் நடத்தும் அண்டர்ஸ்டாண்டிங் சொசைட்டி என்ற குடும்பத் தொடர் ஆய்வைத் திறந்தால் ஒரு எடை இல்லை, வரிசையாக எடைகள் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. 1991-ல் ஏறக்குறைய 5,500 வீடுகளோடு தொடங்கிய பழைய பிரிட்டிஷ் தொடர் ஆய்வின் குடும்பங்கள் இதன் இரண்டாம் சுற்றில் வந்து சேர்ந்தன. சிறுபான்மை இனத்தவருக்கென்று தொடக்கத்திலேயே ஒரு கூடுதல் மாதிரி உண்டு. ஆறாம் சுற்றில் குடியேறியவர்களையும் சேர்த்து இன்னொன்று வந்தது. ஆக, எந்தச் சுற்றிலிருந்து ஆரம்பிக்கிறீர்களோ அதைப் பொறுத்து உங்கள் மக்கள்தொகையே மாறுகிறது.

மாணவர்கள் வந்து "எந்த எடை போடுவது?" என்று கேட்டால் நான் பதிலுக்கு மூன்று கேள்வி கேட்பேன். ஒரு சுற்றின் நிலவரத்தைச் சொல்லப் போகிறாயா, அல்லது அதே ஆட்களிடம் நடந்த மாற்றத்தையா? நிலவரம் என்றால் குறுக்குவெட்டு எடை. மாற்றம் என்றால் தொடர் எடை, அதுவும் நீ பயன்படுத்தும் கடைசிச் சுற்றின் தொடர் எடை. அடுத்து, உன் மாறிகள், அதாவது வருமானம், வயது போல நீ ஆராயும் விவரங்கள், எங்கிருந்து வருகின்றன? நேர்காணலில் பதில் சொன்ன எல்லோரும் தாங்களாக நிரப்பும் படிவத்தை நிரப்பியிருக்க மாட்டார்கள். ஒரே ஒரு மாறி அந்தப் படிவத்திலிருந்து வந்தாலும் அந்தப் படிவத்துக்கான எடையைத்தான் எடுக்க வேண்டும். மூன்றாவது, நீ பேசுவது வீட்டைப் பற்றியா, ஆளைப் பற்றியா? "30 சதவீத வீடுகள்" என்பதும் "30 சதவீத மக்கள்" என்பதும் வேறு வேறு. ஏழு பேர் உள்ள வீடும் ஒருவர் உள்ள வீடும் வீட்டுக் கணக்கில் ஒன்று ஒன்றுதான்.

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியில் ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பிரிட்டன் ஆய்வில் வழக்கமாகத் தரும் தொடர் எடை, ஒரு சுற்றுகூட விடாமல் பதில் சொன்னவர்களுக்குத்தான். நீங்கள் ஒன்றாம் சுற்றையும் ஆறாம் சுற்றையும் மட்டும் ஒப்பிடுகிறீர்கள் என்றால், நடுவில் உடம்பு முடியாமல் மூன்றாம் சுற்றை மட்டும் தவறவிட்ட பெண்மணிக்கு எடை பூஜ்யம். உங்களுக்குத் தேவையான இரண்டு சுற்றிலும் அவர் இருந்தும் கணக்கில் வரமாட்டார். இப்படி விடுபடுகிறவர்கள் அதிகம் என்றால், உங்கள் ஆய்வுக்கென்று தனியாக எடை தயாரிப்பதுதான் சரி. அது நடக்காத காரியமல்ல, மதியம் செய்து பார்ப்போம்.

பூஜ்ய எடையைப் பார்த்ததும் "தரவில் பிழை" என்று எழுதிக் கேட்பவர்கள் ஏராளம். பெரும்பாலும் பிழை இல்லை. தேர்ந்தெடுத்த வீட்டில் முதலில் இருந்தவர்கள் அசல் உறுப்பினர்கள். அவர்கள் பிரிட்டனுக்குள் எங்கு குடிபோனாலும் ஆய்வு பின்தொடரும். பின்னால் ஒருவர் அவர்களோடு வந்து சேர்ந்தால், சேர்ந்து வாழும்வரை அவரையும் பேட்டி எடுப்பார்கள். ஆனால் முதல் நாள் மாதிரியில் அவர் இல்லாததால் தொடர் எடை பூஜ்யம். அவருடைய தகவலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கணவரின் மாற்றத்தை ஆராயும்போது வந்து சேர்ந்த மனைவியின் வருமானம் உங்களுக்குத் தேவைப்படும்.

நம் ஊர்க் குடும்பங்கள் இந்த இடத்தில் இன்னும் சிக்கலானவை. இந்திய ஆய்வில் 2005-க்கும் 2012-க்கும் நடுவில் பாகம் பிரிந்து தனிக்குடித்தனம் போனதால் 5,397 வீடுகள் புதிதாக முளைத்தன. அதே ஊரில் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள். விடுபட்டதை ஈடுகட்ட 2,134 புதிய வீடுகளையும் சேர்த்ததில் இரண்டாம் சுற்று 42,152 வீடுகளானது. அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரு வீட்டிலிருந்து பிரிந்தால், எடையை மூன்றாக வகுக்க வேண்டுமா? பலரும் வகுத்துவிடுகிறார்கள். தேவையில்லை. பழைய வீடு தேர்வாக எவ்வளவு வாய்ப்பு இருந்ததோ, மூன்று புது வீட்டுக்கும் அதே வாய்ப்புதான். அந்த எடை மூன்றுக்கும் அப்படியே பொருந்தும். பிரச்சினை, வேறு வீட்டு ஆட்கள் வந்து கலக்கும்போதுதான். புது வீட்டில் உள்ள மருமகள் வேறொரு வீட்டிலிருந்து வந்தவர். அவருடைய பிறந்த வீடு தேர்வாகியிருந்தாலும் இந்த வீடு ஆய்வுக்குள் வந்திருக்கலாம் என்றால், இரண்டு வாசல் இருக்கிறது. அப்போது எடையை அந்த வீட்டு உறுப்பினர்களிடையே பகிர வேண்டும்.

மருமகள் என்றதும் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். இந்திய ஆய்வு ஊரை விட்டுப் போனவர்களைப் பின்தொடரவில்லை. நம் நாட்டில் இளம்பெண்கள் ஊரை விட்டுப் போவதற்கு மிகப் பெரிய காரணம் திருமணம். 2005-ல் 14 வயதாக இருந்த பெண் 2012-ல் அதே வீட்டில் இருக்கிறாள் என்றால், அவள் படித்துக்கொண்டிருக்கலாம், கல்யாணம் தள்ளிப்போயிருக்கலாம், உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருக்கலாம். சீக்கிரமே வெளியூரில் கட்டிக்கொடுக்கப்பட்டவள் அந்த வீட்டில் இல்லை. வீட்டில் மிஞ்சிய பெண்களை மட்டும் வைத்து "பெண் கல்வி உயர்ந்தது" என்று எழுதினால் உயர்வு இருப்பதைவிடக் கூடுதலாகத் தெரியும். போன உறுப்பினர்கள் எங்கே போனார்கள், ஏன் போனார்கள் என்று இரண்டாம் சுற்றில் வீட்டாரிடம் கேட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பைத் திறக்காமல் இந்தத் தலைப்பில் யாரும் எழுதக் கூடாது என்பது என் கருத்து.

விடுபட்டவர்களுக்காக எடையைத் திருத்துவது எப்படி? முதல் சுற்றில் எல்லோரைப் பற்றியும் தகவல் இருக்கிறது: வயது, வாடகை வீடா சொந்த வீடா, வேலை, ஜாதி, கடன். அதை வைத்து, இரண்டாம் சுற்றில் ஒருவர் கிடைப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிடுகிறோம். வாடகைக்காரர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர்தான் கிடைத்தார்கள் என்றால், கிடைத்த ஒவ்வொருவரின் முதல் சுற்று எடையையும் ஒன்றரை மடங்காக்குகிறோம். இருப்பவர் இல்லாதவருக்காகவும் பேசுகிறார். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. இருக்கும் வாடகைக்காரரும் போன வாடகைக்காரரும் ஒரே மாதிரி என்ற அனுமானம் இதற்குள் இருக்கிறது. ஒருவர் 2009-ல் வேலை போனதால்தான் வீட்டைக் காலி செய்தார் என்றால், 2005-ன் எந்தத் தகவலும் அதைச் சொல்லாது. எடையால் அவரை மீட்க முடியாது. அதைக் கட்டுரையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

எடை இன்னொன்றையும் செய்யாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 2010-ல் நம் வட தமிழகக் கிராமங்களில் 405 வீடுகளை ஆராய்ந்து, 2016-17-லும் 2020-21-லும் மறுபடி போனார்கள். கடனும் வேலையும் எப்படி மாறின என்று பார்க்க அருமையான தரவு. ஆனால் பத்துக் கிராமத்துக்கு என்ன எடை போட்டாலும் அது தமிழ்நாடு முழுமைக்கும் பேசாது. அந்தப் பத்துக் கிராமத்தைப் பற்றி ஆழமாகச் சொல்வதே போதுமான பணி.

பொருளாதாரத் துறை மாணவர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள்: "தொடர்புப்போக்குப் பகுப்பாய்வுக்கு (ரெக்ரஷன்) எடை வேண்டாம் என்று சொல்கிறார்களே?" 1983-ல் டுமுஷெல், டங்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். சமன்பாடு சரியாக அமைந்திருந்தால் எடை போட்டாலும் போடாவிட்டாலும் அதில் வரும் கெழுக்கள், அதாவது ஒன்று மாறினால் மற்றது எவ்வளவு மாறும் என்று சொல்லும் எண்கள், கிட்டத்தட்ட ஒன்றாகவே வர வேண்டும். அதனால் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். பெரிதாக வித்தியாசம் வந்தால், ஏதோ ஒரு குழுவுக்கு உறவு வேறாக இருக்கிறது, அதை உங்கள் சமன்பாடு பார்க்கவில்லை என்று அர்த்தம். பிடித்த முடிவை வைத்துக்கொண்டு மற்றதை மறைப்பதுதான் தப்பு.

எந்தெந்த வீடுகளை ஒரே பகுதியிலிருந்து சேர்த்து எடுத்தார்கள் (கொத்து), மாதிரி எடுக்கும் முன் நாட்டை எப்படிப் பிரித்தார்கள் (அடுக்கு) என்று சொல்லும் மாறிகளையும் மென்பொருளிடம் சொல்ல மறக்காதீர்கள். பிரிட்டன் ஆய்வின் பொது மாதிரியில் 2,640 அஞ்சல் பகுதிகள், ஒவ்வொன்றிலும் 18 முகவரிகள். பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் பல விதத்தில் ஒத்திருப்பார்கள். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் திட்டப்பிழை பொய்யாகச் சுருங்கிவிடும்.

மதிய அமர்வுக்கு ஒரு வேண்டுகோள். ஆளுக்கு ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொண்டு வாருங்கள்: உங்கள் ஆய்வுக் கேள்வி, எந்தெந்தச் சுற்றுகள், எந்தப் படிவத்து மாறிகள். கேள்வியை எல்லோர் முன்னாலும் கேளுங்கள். ஒருவருக்கு வந்த சந்தேகம் அநேகமாகப் பத்துப் பேருக்கு இருக்கும். முதல் வேலையாக, உங்கள் கோப்பில் யாருக்கெல்லாம் எடை பூஜ்யம் என்று பட்டியல் எடுத்து, அவர்கள் முதல் சுற்றில் என்ன சொல்லியிருந்தார்கள் என்று படித்துப் பார்ப்போம்.

நன்றி.